யாருடைய சோகம்? பேராக் தோட்டப் படங்களும் மனநிலைப் புகைப்படங்களுக்குக் கருத்துரைத்தலும்

1. கேள்வி

ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா வட்டாரங்களில் ஆர்வத்தின் பேரில் படம் பிடிக்கும் தமிழர்கள் மீண்டும் மீண்டும் போய் நிற்கும் இடங்கள் சில உண்டு. இடிந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பூட்டிக் கிடக்கும் ஆயாக் கொட்டகை (குழந்தைக் காப்பகம்), செம்பனைக்கு நடுவே தனித்து நிற்கும் தோட்டத்து மாரியம்மன் கோயில், சுண்ணாம்புக் குன்றைச் சுற்றி இறங்கும் மூடுபனி. இவற்றோடு, மகன் வீட்டுத் தாமானில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் முன்னாள் பால்மரத் தொழிலாளியின் முகம். இவை செய்திக்காக எடுக்கப்படும் படங்கள் அல்ல. ஒரு மனநிலையைப் பார்ப்பவருக்குக் கடத்திவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு எடுக்கப்படுபவை. எடுத்தவர் நண்பர்களிடமோ பட்டறையிலோ காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்.

ஒளி கூடிவிட்டது, அடிவானம் சாய்ந்திருக்கிறது என்றெல்லாம் சொல்வது எளிது. மனநிலையைப் பற்றிச் சொல்வது அவ்வளவு எளிதல்ல. "எனக்குச் சோகம் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால், "எனக்கு வந்தது" என்று எடுத்தவர் சொல்லிவிடலாம். பேச்சு அதோடு முடிந்துபோகும். மனநிலையைக் காட்ட முயலும் தொடக்கநிலையாளரின் படத்துக்கு, அவர் அடுத்த முறை கேமராவைத் தூக்கும்போது உதவும்படி, ஆதாரத்தோடு கருத்துச் சொல்ல முடியுமா என்பதே இக்கட்டுரையின் வினா. முடியும் என்பது என் துணிபு. அதற்கான கருவிகளில் ஒன்று தொல்காப்பியத்திலேயே கிடைக்கிறது. ஆனால் பேராக் தோட்டங்களைப் பொறுத்தவரை, படத்திலுள்ள உணர்வு யாருக்கு உரியது என்று கேட்காமல் எந்தக் கருவியும் வேலை செய்யாது.

2. நடப்பிலுள்ள பழக்கங்கள்

போட்டிகளின் வழியே வந்த பழக்கம் முதலாவது. புகைப்படக் கழகங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பான ஃபியாப் 1950இல் உருவானது. அதன் பாணியில் நடக்கும் சலோன் போட்டிகளில் படம் திரையில் சில நொடிகள் நிற்கும். நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். அடுத்த படம் வந்துவிடும். காரணம் சொல்ல அங்கே நேரமில்லை. இந்தப் பயிற்சியில் ஊறியவர் கருத்துரைக்கும்போது மூன்றில் ஒரு பங்கு விதி, ஓரத்தில் வெளுத்துப்போன புள்ளி, பார்வையை இழுத்துச் செல்லும் கோடு ஆகியவற்றைத்தான் தேடுவார். இதனால் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். கழகங்களில் கற்றவர்களின் கைத்திறன் கூடியிருப்பதைப் பார்க்கலாம். ஆனால் இத்தகைய படங்களில் சோகம் ஒரு வகைமாதிரியாக இறுகிப்போவதற்கும் இந்தப் பழக்கமே காரணம். கறுப்பு வெள்ளை, இருட்டிய ஓரங்கள், சுருக்கம் விழுந்த கை என்றால் மதிப்பெண் உறுதி.

இரண்டாவது பழக்கம் பாராட்டு. "மனசைத் தொட்டுட்டீங்க", "அருமை அண்ணே" என்பவை உறவைக் காக்கும் சொற்கள். எடுத்தவர் மூத்தவராக இருந்தால் அதற்கு மேல் சொல்வது மரியாதைக் குறைவாகவும் படலாம். இதைக் கேலி செய்ய வேண்டியதில்லை. இருந்தாலும் தொடப்பட்டது எது, எதனால் தொடப்பட்டது என்பதை இந்தச் சொற்கள் சொல்வதில்லை.

கலைக் கல்வியாளர்கள் வேறு வழிகளைச் சொல்லியிருக்கிறார்கள். விவரித்தல், பகுத்தல், பொருள்கொள்ளல், மதிப்பிடல் என்று எட்மண்ட் ஃபெல்ட்மன் வகுத்த நான்கு படிகள் பள்ளிக்கூடங்கள்வரை பரவியுள்ளன. புகைப்பட விமர்சனம் குறித்து 1990இல் நூல் எழுதிய டெரி பாரெட்டும் விவரிப்பிலிருந்தே தொடங்கச் சொல்கிறார். இந்த முறைகள் பெரும்பாலும் எடுத்தவர் உடன் இல்லாத சூழலுக்கு ஏற்றவை. அவர் எதிரே உட்கார்ந்திருக்கும் அறைக்கு, நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 முதல் வளர்த்தெடுத்த முறை கூடுதலாகப் பொருந்துகிறது. பார்த்தவர்கள் தங்களுக்குப் பட்ட பொருளை முதலில் சொல்கிறார்கள். பிறகு படைத்தவர் தன் ஐயங்களைக் கேட்கிறார். அடுத்து பார்த்தவர்கள் தீர்ப்பு ஒளிந்திராத கேள்விகளைக் கேட்கிறார்கள். கடைசியில், படைத்தவர் அனுமதித்தால் மட்டும், அபிப்பிராயம் சொல்கிறார்கள். இதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது மூன்றாவது படிதான். "ஏன் இவ்வளவு இருட்டாக எடுத்தாய்?" என்பதில் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. "நீ போனபோது அங்கே எவ்வளவு வெளிச்சம் இருந்தது?" என்பதில் அப்படி இல்லை.

3. மேகமும் லயமும்

மனநிலைப் படத்துக்கு நவீனக் கோட்பாடு தந்த பெரிய முன்னோடி ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். 1922இல் நியூயார்க் மாநிலத்தின் லேக் ஜார்ஜில் அவர் மேகங்களைப் படமெடுக்கத் தொடங்கினார். அவருடைய உருவப்படங்களின் ஆற்றல் எதிரே உட்கார்ந்தவர்களின் ஆளுமையிலிருந்து வந்தது என்ற விமர்சனத்துக்கு அது ஒரு மறுமொழி. மேகம் எல்லார் தலைக்கு மேலும் இருப்பது. யாரும் உரிமை கொண்டாட முடியாதது. அதை வைத்தே தன் உள்ளத்தைக் காட்ட முடியும் என்று அவர் நிறுவ முயன்றார். 1925 முதல் அந்த வரிசையை 'ஈக்குவலன்ட்ஸ்' என்று அழைத்தார். புகைப்படக் கலைஞர் மைனர் வைட் இதைப் பயிற்றுமுறையாக்கி, படத்தின் முன் அமைதியாக இருந்து தனக்குள் எழுவதைக் கவனிக்கும்படி மாணவர்களைப் பழக்கினார். இந்த மரபின்படி படத்தின் மனநிலை எடுத்தவருக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான விவகாரம். படத்திலுள்ள பொருளுக்கு அதில் பங்கில்லை.

ஈப்போவின் மூடுபனியை இந்த வழியில் எடுக்கலாம். லயத்தை எடுக்க முடியாது. 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்ட நாளிலிருந்து இந்த நிலத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1950களின் இறுதியில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் தொழிலாளர்களை விரட்டியபோது, சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. குறைந்த ஆள் போதும் என்றானது. ஆகவே லயம் காலியானதற்குக் காரணமும் தேதியும் உண்டு. அந்த வீட்டில் பிறந்தவர் யாராவது பக்கத்துத் தாமானில் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

மூடுபனிகூட எல்லாருக்கும் மேகமாக இருப்பதில்லை. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டக் குடியிருப்புகள் வேலிக்குள் அடைக்கப்பட்டன. அக்காலத்தில் வளர்ந்த ஒருவர், கித்தா மரங்களுக்கு இடையே பனி நகரும் படத்தைப் பார்த்து அழகு என்று சொல்வாரா, வேறு எதையாவது நினைப்பாரா?

இதே சிக்கல் அமெரிக்காவிலும் எழுந்தது. டெட்ராய்ட் நகரத்தின் பாழடைந்த தொழிற்சாலைகளையும் அரங்குகளையும் எடுத்த இரண்டு பெரிய படநூல்கள் 2010இல் வெளிவந்தன. ஒன்றை மார்ஷான், மெஃப்ர் இருவரும் வெளியிட்டார்கள். மற்றது ஆண்ட்ரூ மூருடையது. அழகில் குறை சொல்ல இடமில்லாத படங்கள். ஆனால் அந்த நகரத்தில் மக்கள் இன்னும் வாழ்கிறார்கள் என்ற நினைவே படங்களில் இல்லை என்ற விமர்சனம் வந்தது. பத்து காஜா அருகே, தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் இறந்தபின் முடிக்கப்படாமல் நின்றுபோன கெல்லி மாளிகைக்கும் இது பொருந்தும். அங்கே எடுக்கப்படும் படங்களில் பேய்க்கதை வாசனை தூக்கலாக இருக்கிறது. மாளிகைக்கு உழைத்த தமிழர்களுக்காக அருகிலேயே எழுந்த மாரியம்மன் கோயிலும், அதன் கூரையில் தெய்வங்களோடு நிற்கும் ஸ்மித் துரையின் சிலையும் அதே அளவு விசித்திரமானவை. கேமரா அந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை.

4. மெய்ப்பாட்டியல் கேட்கும் கேள்வி

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு உணர்வுகளைச் சொல்கிறது. இது பள்ளியில் படித்தது. அதற்கு அடுத்த படிதான் நமக்கு உதவும். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களை, அதாவது அந்த உணர்வு தோன்றும் காரணங்களை, ஆசிரியர் தருகிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வரும் அழுகை வேறு. இருந்ததைப் பறிகொடுத்த அழுகை வேறு. முன்பு நன்றாக இருந்த நிலை கெட்டுத் தளர்வது வேறு. இல்லாமை வேறு.

இடிந்த லயத்தின் முன் நிற்கும் ஒருவரிடம் "சோகம் இன்னும் ஆழமாக வர வேண்டும்" என்று சொல்வது வீண். "நான்கில் எது?" என்று கேட்டால் அவர் எங்கே நிற்க வேண்டும் என்பதே மாறிவிடும். இழவு என்றால், சாமிப்படம் மாட்டியிருந்த இடத்தில் சுவரில் எஞ்சிய வெளிர்ச் சதுரத்துக்குப் பக்கத்தில் போக வேண்டும். அசைவு என்றால் அன்றைய நிலையும் இன்றைய நிலையும் ஒரே சட்டத்துக்குள் இருக்க வேண்டும். திருவிழாப் பந்தலுக்கு நட்ட இரும்புத் தூண்கள் நிற்க, கோயில் வாசலில் ஆளில்லாத புல் என்பது போல. வறுமை என்றால் ஒட்டுப்போட்ட தகரத்தின் ஆணிகள் தெரிய வேண்டும். இளிவு என்றால் வீட்டைவிட்டு விலகி, அந்த வீட்டுக்காரர் காத்து நின்ற அலுவலகக் கதவுக்குப் போக வேண்டியிருக்கும். எடுத்தவர் 'எல்லாமும்' என்று சொன்னால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. படம் ஏன் கலங்கலாக இருக்கிறது என்பதற்கு விடை அங்கே கிடைத்துவிடுகிறது.

இன்னொரு பயன் இதைவிடப் பெரிது. சோகம் என்று நினைத்து எடுத்த படம் உண்மையில் வேறு மெய்ப்பாட்டுக்கு உரியதாக இருக்கலாம். வெகுளிக்குச் சொல்லப்பட்ட நான்கில் ஒன்று குடிகோள். உரைகாரர்கள் விளக்குவதில் வேறுபட்டாலும், அண்டி வாழும் குடிகளுக்கோ சுற்றத்துக்கோ இழைக்கப்படும் கேடு என்பது அதன் சாரம். மண்வாரி இயந்திரம் இடித்துப்போட்ட லயத்தை மென்மையான மாலை ஒளியில், பழுப்பு நிறம் ஏற்றி எடுத்தவரிடம், "இது உனக்கு வருத்தமா, கோபமா?" என்று கேட்டால் போதும். தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட தமிழரிடம் இழப்பும் நீதி பற்றிய எதிர்பார்ப்பும் பின்னிக்கிடப்பதை மானிடவியலாளர் ஆண்ட்ரூ வில்ஃபோர்டு 2014இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். பழுப்பு நிறம் அந்தக் கோபத்தைத் துடைத்துவிடுகிறது. அச்சத்தின் நான்கு காரணங்களில் தம் இறையும், அதாவது தம்மை ஆள்பவரும், ஒன்று. மேட்டில் நிற்கும் துரை பங்களாவைக் கீழேயுள்ள, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து எடுப்பதும், வானிலிருந்து டிரோன் வைத்து எடுப்பதும் இரண்டு வேறு படங்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பட்டியலை வாய்பாடாக்கினால் ஆபத்தும் உண்டு. மூப்பு அதில் இளிவரலுக்குக் காரணமாக வருகிறது. முன்னாள் தொழிலாளியின் சுருக்கங்களைக் கண்டதும் இரக்கப்படச் சொல்லும் பழக்கத்துக்கு அது துணைபோய்விடும். எட்டுக்கு அப்பால் நினைதல், கையாறு, மடிமை, நடுவுநிலை போன்ற வேறு முப்பத்திரண்டையும் அதே இயல் சொல்வதை மறக்கக் கூடாது. தோட்டப் படங்களில் பல அந்த இரண்டாம் பட்டியலைச் சேர்ந்தவை என்பது என் எண்ணம். மேலும், மெய்ப்பாடு மெய்யில் தோன்றுவது. உடலே இல்லாத காலி வீட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்? அங்கே நாம் திணைக்குத்தான் போக வேண்டும். உணர்வைப் பொழுதின் மேலும் கருப்பொருளின் மேலும் ஏற்றிச் சொல்லும் முறை அது.

5. பொழுதும் ஒளியும்

பாலைக்கு நண்பகல், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை என்ற பங்கீடு, பொழுதுக்கு உணர்வு உண்டு என்ற அறிவிலிருந்து வந்தது. கருத்துரைப்பவர் முதலில் கேட்க வேண்டியதும் இதுவே: எத்தனை மணிக்கு எடுத்தாய்?

அதிகாலை, மாலை 'பொன்னொளி நேரம்' பற்றிப் பயிற்சி நூல்கள் தரும் அறிவுரை பெரும்பாலும் மிதவெப்ப நாடுகளில் எழுதப்பட்டது. ஏறத்தாழ நான்கரைப் பாகை வட அகலாங்கில் உள்ள ஈப்போவில் சூரியன் செங்குத்தாக ஏறி இறங்கும். சாய்ந்த ஒளி சீக்கிரம் கரைந்துவிடும். போதாக்குறைக்கு, 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. ஆண்டு முழுதும் சூரிய உதயம் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30க்கும் இடையில்தான். உச்சிப்பொழுது ஒரு மணிக்கு மேல். 'மதியம் 12 மணி வெயில்' என்று குறிப்பு எழுதிய படத்தில் நிழல் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் வியக்க வேண்டாம்.

பால் வெட்டு இந்த உதயத்துக்கு முன்பே தொடங்கும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். தலைவிளக்கோடு நிரைக்குள் போனவர்களின் உலகம் இருட்டில், விளக்கு வட்டத்துக்குள் தெரிந்த ஒரு முழப் பட்டை. இன்றைய கைப்பேசியின் இரவு முறை அந்த இருட்டைத் தானே வெளுத்து, பின்னணி மரங்களையெல்லாம் காட்டிவிடுகிறது. படம் தெளிவாகிறது, பொழுது போய்விடுகிறது. இங்கே கருத்துரை மிக எளிமையாக இருக்கலாம். இரவு முறையை அணைத்துவிட்டு, வெளிச்ச அளவை ஒன்றிரண்டு படி குறைத்து எடுக்கச் சொல்லலாம். வெண்சமநிலையைக் கருவியிடம் விட்டால் விடியலின் நீலத்தையும் அது சரிக்கட்டிவிடும் என்று எச்சரிக்கலாம். இலையுதிர்வு மாதங்களும் கவனத்துக்கு உரியவை. ஆண்டின் முற்பகுதியில் கித்தா இலைகள் சிவந்து கொட்டும்போது தோப்பின் தரைவரை வெயில் இறங்கும். செம்பனையில் அப்படியொரு பருவம் கிடையாது. ரப்பர் காட்டின் நினைவைச் செம்பனைக் காட்டில் தேடி எடுப்பவர்கள் தோற்பது அவர்கள் திறமைக் குறைவால் அல்ல.

6. ஒரு படம், அருகிலிருந்து

யாரையும் அடையாளம் காட்டாதிருக்க, பலருடைய படங்களில் கண்ட கூறுகளைச் சேர்த்து ஒரு படமாகத் தருகிறேன். முன்னால் ஒரு கித்தா மரம். பட்டையில் சாய்வான வெட்டு, அதன் கீழே கம்பியில் பால் பிடிக்கும் மங்கு. பின்னால் பனிக்குள் கூரை சரிந்த லயம். கறுப்பு வெள்ளை, ஓரங்கள் இருட்டு. தலைப்பு: மறந்துபோன வாழ்வு.

சலோன் பழக்கமுள்ளவர் இதை மெச்சுவார். வெட்டின் கோடு பார்வையை வலமிருந்து இடமாக இறக்கி, லயத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனால் மரம் வெட்டிப் பழகிய ஒருவர் பார்த்தால் முதல் கேள்வி வேறாக இருக்கும்: "வெட்டு ஏன் இந்தப் பக்கம் சாயுது? படத்தைத் திருப்பிப் போட்டுட்டியா தம்பி?" வழக்கமான வெட்டு மரத்தைப் பார்த்து நிற்பவருக்கு இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும். பால் குழாய்கள் பட்டைக்குள் சற்றே சாய்ந்து ஓடுவதால் அப்படி வெட்டினால் கூடுதல் குழாய்கள் திறக்கும். அமைப்பு அழகுக்காகப் படத்தை இடம்வலமாகத் திருப்புவது கழகங்களில் சாதாரணம். எத்தனையோ ஆண்டுகள் அந்த வெட்டைப் போட்ட கைக்கு அது உடனே உறுத்தும்.

இரண்டாவது கேள்வி இன்னும் ஆழமானது. மங்கு நிமிர்ந்திருக்கிறது. வெட்டுக்கோட்டில் ஈரமான வெள்ளை. அதாவது அன்று காலை யாரோ வந்து வெட்டியிருக்கிறார்கள். சிறுதோட்டக்காரரோ, கடல் கடந்து வேலைக்கு வந்தவரோ. வாழ்வு மறந்துபோகவில்லை, ஆள் மாறியிருக்கிறது. தலைப்பும் படமும் ஒன்றையொன்று மறுக்கின்றன.

இதை எப்படிச் சொல்வது? "தலைப்பு தவறு" என்றால் எடுத்தவர் தலைப்பை மாற்றிவிட்டுப் படத்தை அப்படியே வைத்திருப்பார். "இந்த மங்கில் பால் இருக்கிறதே, வெட்டியவரைப் பார்த்தாயா?" என்று கேட்டால் அவர் மறுபடியும் அந்த நிரைக்குப் போகக்கூடும். அடுத்த முறை மனிதர் ஒருவரும் சட்டத்துக்குள் வரலாம். அல்லது அசைவைக் காட்டுவதுதான் நோக்கம் என்று தெளிந்து, கைவிடப்பட்ட வேறு மரத்தைத் தேடலாம். எதுவானாலும் முடிவு அவருடையது. ஓரங்களை இருட்டாக்கியதைப் பற்றி இந்தக் கட்டத்தில் நான் பேசவே மாட்டேன். நோக்கம் தெளிந்தால் அது தானே உதிர்ந்துவிடும். உதிராவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

7. அறையில் யார் இருக்கிறார்கள்

மேற்சொன்ன கேள்விகளைக் கேட்டிருக்கக்கூடியவர் புகைப்படம் கற்றவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். லெர்மன் முறையும் சரி, ஃபெல்ட்மன் படிகளும் சரி, கருத்துரைப்பவர்களைப் பொதுவான 'பார்வையாளர்கள்' என்றே வைத்துக்கொள்கின்றன. தோட்டப் படங்களுக்கு அது போதாது. பால்வெட்டு, கோயில், பெரட்டு ஆகியவற்றை உள்ளிருந்து அறிந்த ஒருவர் அங்கே இருந்தால் மனநிலை பற்றிய பேச்சுக்கு உண்மை சார்ந்த அடித்தளம் கிடைக்கிறது. இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அந்த இடத்தில் வாழ்ந்தவருக்கு எந்தப் படமும் நெஞ்சைப் பிசையும், ஆகவே அவர் படத்தையா பார்க்கிறார், தன் வீட்டையா என்று கேட்கலாம். நியாயமான மறுப்புதான். பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் 1980இல் வெளிவந்த தம் நூலில், இறந்த தாயின் சிறுவயதுப் படத்தைப் பற்றி உருகி எழுதிவிட்டு அதை மட்டும் அச்சிடாமல் விட்டார். பிறருக்கு அது வெறும் ஒரு படமாகவே இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். எனவே இருவரையும் கேட்க வேண்டும் என்பேன். லயத்தைப் பார்த்தே அறியாத ஈப்போ இளைஞருக்குப் படத்திலிருந்து என்ன கிடைக்கிறது என்பதை முதலில். வாழ்ந்தவருக்கு என்ன தெரிகிறது என்பதைப் பிறகு. வரிசை மாறினால் இளைஞர் வாய் திறக்க மாட்டார்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். படத்திலேயே இருப்பவர். முன்னாள் தொழிலாளியான ஓர் அம்மாவை எடுக்கப் போனால், கேமராவைக் கண்டதும் அவர் உள்ளே போய்ப் புடவை மாற்றி, தலை வாரி, பூ வைத்துக்கொண்டு வந்து நேராக நிற்பது நம் ஊர் வழக்கம். மாற்றுவதற்கு முன்பே மறைவாக எடுத்த படத்தைத்தான் பலர் 'இயல்பானது' என்று தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் காட்ட விரும்பியது பெருமிதம். எடுத்தவர் தேர்ந்தது இளிவரல். இரண்டு படங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதை எங்கே காட்டப் போகிறாய், அந்த அம்மாவுக்கு எந்தப் பிரதியைக் கொடுத்தாய் என்று கேட்பதும் கருத்துரையில் சேர்த்திதான். நேராக நிற்கும் படத்தை மறுபடி எடுக்கச் சொல்லலாம். இம்முறை வாசல் நிழலில், கண் மட்டத்தில், வண்ணத்தில். புடவையின் நிறத்தை அவரே தேர்ந்தெடுத்தார். அதைக் கறுப்பு வெள்ளையாக்க எடுத்தவர் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.